தூங்கும் விதையும் தூங்காத விதையும்

வேலி என்றால் என்ன?

இன்று கேட்டால் முள்கம்பி என்று சொல்வோம். கல்தூண் என்று சொல்வோம். நம் பாட்டியிடம் கேட்டிருந்தால் செடிகளின் பெயரைச் சொல்லியிருப்பார். களா, காரை, ஆவாரை, நொச்சி, கிளுவை. இவைதான் அன்றைய வேலி. யாரும் காசு கொடுத்து வாங்கியது இல்லை.

புதுச்சேரிக்கு வடக்கே ஒரு செம்மண் ஊர். அங்கே ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். அவர்கள் கொல்லையைச் சுற்றியும் அப்படி ஒரு செடிவேலி இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். நிலம் அளக்க வேண்டும் என்றார்கள். ஜேசிபி வந்தது. ஒரு காலைப் பொழுதில் வேலி முழுவதும் போய்விட்டது. அந்த இடத்தில் கல் நட்டுக் கம்பி கட்டினார்கள்.

கடலோர ஊர். உப்புக் காற்று. நான்கே வருடத்தில் கம்பி துருப்பிடித்து அறுந்தது. ஆடு உள்ளே வந்தது. கத்தரிச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போனது. புதுக் கம்பிக்கு விலை கேட்டார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. முன்பெல்லாம் பொழுது விடிந்தால் வேலிக்குள் தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சத்தம் போடும். சின்னான் கூடு கட்டும். தையல்சிட்டு இலையைத் தைத்து வீடு செய்யும். கம்பி வந்த பிறகு கொல்லை அமைதியாகிவிட்டது. கம்பியில் என்ன கூடு கட்டும்?

"மறுபடியும் செடியே வைத்துவிடலாம். விதை ஊரெல்லாம் கிடக்கிறது. காசா, பணமா?" என்றார் மாமியார்.

காசு பணம் ஆகவில்லைதான். ஆனால் இரண்டு வருடம் வீணாகப் போனது. ஏன் போனது? அதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சம்.

எந்தச் செடி வைப்பது?

மருமகள் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். "நர்சரியில் குரோட்டன்ஸ் இருக்கிறது. காகிதப்பூ இருக்கிறது. பார்க்க அழகாக இருக்குமே, அத்தை" என்றார்.

அழகுதான். ஆனால் குரோட்டன்ஸ் இலையை நம் ஊர்ப் புழுக்கள் சீண்டுவது அரிது. காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதையும் அப்படியே விட்டுவிடும். புழு தின்னாத செடிதானே நல்லது என்று உங்களுக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுங்கள்.

சிட்டுக்குருவியைப் பாருங்கள். அது தானியம் தின்னும் பறவை. ஆனால் தன் சின்னக் குஞ்சுக்கு அது தானியத்தை ஊட்டுவது இல்லை. புழுவையும் பூச்சியையும்தான் பிடித்து வரும். பிறந்த குழந்தைக்கு நாம் சோறு ஊட்டுவது உண்டா? அது போலத்தான். புழு இல்லாத ஊரில் குஞ்சு பிழைக்காது. புழுவோ எல்லா இலையையும் தின்னாது. ஒவ்வொரு புழுவுக்கும் சில செடிகள்தான் உணவு. பல ஆயிரம் வருடமாக இந்த மண்ணில் கூடவே வளர்ந்த செடிகள் அவை.

கறிவேப்பிலைச் செடியில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இலைமேல் காக்கை எச்சம் போல் ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டால் நெளியும். அது புழு. பறவையை ஏமாற்ற அப்படி ஒரு வேஷம். வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பச்சை நிறமாகும். பிறகு கூடு கட்டும். அதிலிருந்து பெரிய பட்டாம்பூச்சி வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் குருந்தும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்து இலைதான் அதற்கு வேண்டும்.

நம் மருமகள் ஒருநாள் கத்தரிக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கறிவேப்பிலைக்கும் அடித்துவிட்டார். மறுநாள் பேரப்பிள்ளை ரசத்துக்கு இலை பறிக்கப் போனான். மாமியார் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். "புழுவுக்கு வைத்த விஷத்தை நம் பிள்ளைக்கு ஊட்டப் பார்த்தாயே!" என்று சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம்தான். நாம் அன்றாடம் சாப்பிடும் இலை அது. புழு அதிகமானால் கையால் எடுத்துப் போடலாம். இடம் இருந்தால் இரண்டு செடி வைத்து, ஒன்றைப் புழுவுக்கே விட்டுவிடலாம். கறிவேப்பிலை லேசில் சாகாது. மறுபடியும் துளிர்க்கும்.

ஆவாரையில் வேறு ஓர் அதிசயம். வெளிர் மஞ்சள் நிறத்தில் வேகமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அது ஆவாரை, கொன்றை, தகரை போன்ற செடிகளில்தான் முட்டை வைக்கும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூந்தூள் மட்டும்தான். மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச் செய்யும். ரீங் என்று சத்தம் கேட்கும். அந்த அதிர்ச்சியில் பூந்தூள் கொட்டும். ஆடு மாடு பெரும்பாலும் ஆவாரையைக் கடிக்காது. வேலிக்கு வேறு என்ன வேண்டும்?

இரண்டு செடிகளைப் பற்றி எச்சரிக்கை. ஒன்று உன்னிச்செடி. கொத்துக் கொத்தாகப் பல நிறத்தில் பூக்கும். இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று இந்தியாவின் காடுகளில் பெரும் பரப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டாம்பூச்சி அதில் தேன் குடிக்கும், உண்மை. ஆனால் மான் மேயும் புல்லை அது வளர விடாது. மாடு அந்த இலையைத் தின்றால் நோயில் விழும். இன்னொன்று மஞ்சள் அரளி. அதன் விதை கொடிய விஷம். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

50 பாக்கெட், 6 செடி

மாமியார் ஏரிக்கரையில் ஆவாரை விதை சேகரித்தார். காய் பழுப்பாகி, மொறமொறவென்று காய்ந்த பிறகு பறித்தார். அது சரியான பதம். ஓட்டை விழுந்த விதைகளைப் பொறுக்கி எறிந்தார். வண்டு குடைந்த விதை முளைக்காது என்று அவருக்குத் தெரியும். பால் பாக்கெட்டுகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டார். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பினார். ஆடி மாதம் 50 பாக்கெட்டில் விதைத்தார். தினமும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு வாரத்தில் 6 முளைத்தன. அவ்வளவுதான். ஒரு மாதம் பார்த்தார். வேறு ஒன்றும் வரவில்லை.

"எல்லாம் சொத்தை விதை போலிருக்கு, அத்தை" என்றார் மருமகள். மண்ணைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார்கள்.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் குப்பைமேட்டைப் பார்த்தால் அங்கே ஆவாரைக் கன்றுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டியிருந்தன. விதை சொத்தை இல்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தெருப் பெண் ஒருவர் ஆரோவில் நர்சரியில் வேலை செய்கிறவர். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெந்நீர் ஊற்றினீர்களா, பெரியம்மா?" என்று கேட்டார்.

"விதைக்கா? வெந்நீரா? வெந்து போகாதா?"

போகாது. ஆவாரை விதையின் தோல் மிகவும் கெட்டி. தண்ணீர்கூட உள்ளே போக முடியாது. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்து வெயில் அடித்தால் கூண்டோடு சாக வேண்டியதுதான். அதனால் இந்தச் செடி தன் பிள்ளைகளை ஒரே நாளில் எழுப்புவது இல்லை. வெயிலிலும் மழையிலும் தோல் நைந்த விதை முதலில் முளைக்கும். மற்றவை அடுத்த மழைக்கு, அதற்கும் அடுத்த மழைக்கு என்று காத்திருக்கும். ஆட்டுப்பட்டியில் கருவேலம் முளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்ததில் அதன் தோல் நைந்துவிட்டது. அதே வேலையை நாம் வெந்நீரால் செய்கிறோம்.

செய்முறை சுலபம். ஒரு டம்ளர் விதைக்கு நான்கைந்து டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். விதையை அடுப்பின்மேல் வைத்துக் கொதிக்க விடவே கூடாது. அப்படிச் செய்தால் சுண்டல்தான் கிடைக்கும். இறக்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்து விதைமேல் ஊற்றுங்கள். அப்படியே ஆறட்டும். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் பாருங்கள். சில விதைகள் ஊறிப் பருத்திருக்கும். அவை விழித்துக்கொண்டன. அன்றே விதையுங்கள். பருக்காத விதைக்கு மறுபடியும் ஒருமுறை வெந்நீர்.

விதை கொஞ்சம்தான் என்றால் வெந்நீரும் வேண்டாம். உப்புத்தாளில் ஒவ்வொரு விதையாகத் தேய்த்து, தோலில் ஒரு கீறல் விழச் செய்தால் போதும். பிறகு தண்ணீரில் ஊறவைக்கலாம். விராலி விதைக்கும் இதே வைத்தியம்தான்.

மாமியார் மறு ஆடியில் இப்படிச் செய்தார். ஒரு வாரம் பத்து நாளில் பாதிக்கு மேல் முளைத்துவிட்டது.

எல்லா விதையும் தூங்குமா?

இங்கேதான் இரண்டாவது தவறு நடந்தது. ஆவாரை வெற்றியில் மாமியாருக்குத் தைரியம் வந்துவிட்டது. அதே ஆடியில் களாப்பழம் கறுத்துப் பழுத்திருந்தது. கறிவேப்பிலைப் பழமும் கிடைத்தது. இரண்டையும் மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்தார். பாட்டிலில் போட்டு மூடினார். ஆவாரை வேலை முடிந்ததும் ஐப்பசியில் எடுத்து வெந்நீர் ஊற்றி விதைத்தார்.

ஒன்றுகூட முளைக்கவில்லை. குப்பைமேட்டிலும் முளைக்கவில்லை. இவை உண்மையிலேயே செத்துப்போன விதைகள்.

களாவும் கறிவேப்பிலையும் தூங்காத விதைகள். பழத்துக்குள் இருக்கும்போதே அவை ஈரத்தோடு விழித்திருக்கின்றன. பறவை பழத்தைத் தின்னும். கொஞ்ச நேரத்தில் எச்சத்தோடு வேறு இடத்தில் விதை விழும். மண்ணில் ஈரம் இருந்தால் முளைத்துவிடும். அதுதான் அவற்றின் வழக்கம். அவற்றுக்குக் கெட்டித் தோல் எதற்கு? அவற்றைக் காயவைப்பது கரையில் மீனைப் போடுவது போல. வெந்நீர் ஊற்றுவதைச் சொல்லவே வேண்டாம்.

பழ விதைக்கு முறை வேறு. நன்றாகப் பழுத்த பழமாகப் பறியுங்கள். கறிவேப்பிலைப் பழம் கறுத்திருக்க வேண்டும். தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் மணல் சேர்த்துத் தேய்த்தால் வழுவழுப்பு போய்விடும். சதையோடு விதைத்தால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய விதையை நிழலில் சற்று நேரம் உலர்த்தி அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து கொண்டுவருகிறீர்களா? பழமாகவே கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம். முளை வரும்வரை பாக்கெட் நிழலில் இருக்கட்டும். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாக வேண்டாம். சேற்றில் இளங்கன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

வெட்சிக்கும் இதே முறைதான். இட்லிப்பூ என்று சொல்கிறோமே, அதுதான். நம் தென்னாட்டுச் செடி. பூவின் குழல் நீளமாக, ஊசிபோல் இருக்கும். நீண்ட நாக்கு உள்ள பட்டாம்பூச்சிதான் அதில் தேன் எடுக்க முடியும். தேன்சிட்டும் வரும். ஆனால் வெட்சி விதை முளைக்க நிறையப் பொறுமை வேண்டும். மாதக் கணக்கில் ஆகலாம்.

எவ்வளவு ஆழத்தில் விதைப்பது என்று பலர் கேட்பார்கள். விதை எவ்வளவு பருமனோ அதைப்போல் ஒன்று அல்லது இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும்.

களாவைத் தவறவிட்டதால் மாமியார் அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் முழுவதும் வேலியில் பாதி ஆவாரை, பாதி வெறும் இடம். வெறும் இடத்தில் பனைமட்டையைக் கட்டி ஆட்டைத் தடுத்தார்கள். தடுத்தும் இரண்டு முறை வாழைக்கன்று போனது.

ஐயனார் காத்த விதைகள்

அந்த நர்சரிப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தப் பக்கம் பெரும்பாலும் வறண்ட செம்மண் மேடு. மரம் அரிது. மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடும். சிவப்புத் தண்ணீர் கடலில் போய்க் கலக்கும். நிலம் முழுவதும் அரித்த பள்ளங்கள். அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராம மக்களும் முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். எந்த மண்ணிலும் வளரும் வெளிநாட்டு மரங்களையும் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மர வகையும் அதில் ஒன்று. நிழல் வந்தது. பிறகுதான் கேள்வி வந்தது. இந்த ஊரின் சொந்தக் காடு எங்கே?

அது கோயில்களில் ஒளிந்திருந்தது. புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இன்றும் ஒரு காடு உண்டு. ஐயனாருக்குப் பயந்து யாரும் வெட்டவில்லை. இப்படி மிஞ்சிய கோயில் காடுகளில் காசா, குருந்து, வெட்சி போன்ற பழைய செடிகள் உயிரோடு இருந்தன. அங்கிருந்து விதை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி முளைக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். இன்று அந்த மேட்டில் காடு நிற்கிறது.

நீங்கள் விதை எடுக்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். கோயில் காடு என்றால் ஊராரிடம் கேட்டு எடுங்கள். அரசுக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. எங்கே எடுத்தாலும் ஒரு செடியை மொட்டையாக்க வேண்டாம். பறவைக்கும் பங்கு உண்டு. ஒரே செடியில் எடுக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது இன்னும் நல்லது.

பாம்பு வருமே!

வேலி அடர்ந்தால் பாம்பு வரும். மருமகளுக்கு இந்தப் பயம் இருந்தது. வீண் பயம் என்று தள்ள முடியாது. சின்னப் பிள்ளை இருக்கும் வீடு.

பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருகிறது. வீட்டை ஒட்டி விறகு அடுக்கியிருந்தால், தவிடு சிந்திக் கிடந்தால் எலி வரும். செடி இல்லாத வீட்டிலும் பாம்பு வருவது இதனால்தான். எனவே செடிவேலி கொல்லைக் கடைசியில் இருக்கட்டும். வாசலையும் கழிப்பறைக்குப் போகும் வழியையும் ஒட்டி வைக்க வேண்டாம். வழிப்பக்கம் செடியின் அடிக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். ஒருவேளை கடித்துவிட்டால் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், மந்திரிக்கப் போக வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

மாமியார் இதை ஒப்புக்கொண்டார். வீட்டுச் சுவரோடு கிடந்த விறகைக் கொல்லைக் கோடிக்கு மாற்றினார்.

நடும் பருவம்

புதுச்சேரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது நட்டால் வேர் பிடிக்க மழை உதவும். ஆடியில் விதைத்த ஆவாரை அதற்குள் ஒரு சாண் வளர்ந்திருக்கும். அதன் ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும். பாக்கெட்டில் நெடுநாள் விட்டால் வேர் சுருண்டுவிடும். களாவும் வெட்சியும் மெதுவாக வளரும். அவற்றை அடுத்த மழைவரைகூடப் பாக்கெட்டில் வைத்திருக்கலாம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு கன்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். இரண்டடிக்கு ஒரு கன்று நடலாம். களாவுக்கு முள் வரும்வரை ஆட்டிடம் காப்பாற்ற முள்ளடைப்பு வேண்டும். முதல் கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

ஆவாரை நட்டு இரண்டாவது பொங்கல். காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும் என்று பக்கத்து வீட்டார் இவர்கள் வேலிக்குத்தான் வந்தார்கள். அன்று காலை அந்தப் பூவில் கருவண்டு ஒன்று ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. தவிட்டுக் குருவி இன்னும் வரவில்லை. களா இப்போதுதான் முழங்கால் உயரம்.

இப்போது மாமியார் எந்தப் பாக்கெட்டையும் குப்பையில் கொட்டுவது இல்லை. தயிர் டப்பாவைச் சின்னச் சின்னப் பட்டையாக வெட்டி வைத்திருக்கிறார். அதில் பென்சிலால் எழுதிப் பாக்கெட்டில் செருகுகிறார். பேனா மை மழையில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போட மட்டும்தான் முதலில் கற்றார். இப்போது வெட்சி என்று எழுதும்போது 'ட்' வருமா, 'ற்' வருமா என்று மருமகளிடம் கேட்டுக்கொள்கிறார்.

கடைசியாகச் செருகிய பட்டையில் இப்படி எழுதியிருக்கிறது:

வெட்சி. பழ விதை. விதைத்த நாள் ஆடி 18. தை வரை கொட்டாதே.